கடைசி ரேக் எலிகளின் ரத்தம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை பார்த்துத் தருகிறேன் என்று மகள் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். அவள் எழுத்தை மட்டும் திருத்தியிருக்கிறாள். சொன்ன விஷயத்தில் கை வைக்கவில்லை.

எலி அறையிலிருந்து நீங்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தபோது, எலியை எப்படிப் பிடிப்பது என்று எழுதித் தாருங்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுவோம் என்றீர்கள். அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தேன். அழுத்தாமல் பிடிக்க வேண்டும், ஆனால் நழுவவும் விடக்கூடாது என்று எழுதினால் அதில் என்ன இருக்கிறது? உங்கள் கைக்கே நாலு மாதத்தில் வந்துவிடும். எலியே சொல்லிக்கொடுக்கும்.

அதற்குப் பதிலாக நடந்தது ஒன்றை எழுதுகிறேன். நீங்கள் இன்று அந்த அறையில் ஏன் எலியின் கண் வழியாக ரத்தம் எடுக்கிறீர்கள், ஏன் வால் வழியாக எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். டாக்டரம்மா வேலையை விட்டுப் போய்விட்டார். எலியின் மூத்திரத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்து, ரிட்டயர் ஆகிற வயதுக்கு முன்பே நானும் வெளியே வந்துவிட்டேன். காதர் பாய் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் இதைப் பற்றிப் பேச மாட்டார்.

நான் அங்கே சேர்ந்தபோது கூட்டுகிற வேலை. அதற்கு முன்னால் காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவில் மணலி போகிற வழியில், எங்கே வேலை என்று யாராவது கேட்டால் மருந்து கம்பெனி என்பேன். எலிகளோடு வேலை என்று ஒரு தடவை சொன்னதற்கு ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அதிலிருந்து சொல்வதில்லை. எனக்கு ஆட்களோடு பேச எப்போதும் கூச்சம். எலிகளோடு இருப்பது சுலபமாக இருந்தது. கூட்டுகிறவனை ஒருநாள் அவசரத்துக்குப் பிடிக்கச் சொன்னார்கள். என் கையில் எலி துள்ளவில்லை. அதோடு துடைப்பம் போய், பிடிக்கிற வேலை வந்தது.

பூச்சி மருந்தோ, பெயிண்டோ, சோப்போ, ஜனங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். கொடுத்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்குப் பேர் ஸ்டடி, அது முடிந்ததும் எலிகளும் முடிந்துவிடும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு எலியும் உயிரோடு வெளியே போகாத வீடு அது. அதை நினைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. நினைக்காமலும் செய்ய முடியவில்லை, என்னால்.

டாக்டரம்மா வருவதற்கு முன்னாலும் கண்தான். கண்ணின் ஓரத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டுத் திருப்புவார்கள். ரத்தம் தானாகக் குழாயில் ஏறும். மயக்கம் கொடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். மயக்கம் முழுசாக ஏறுவதற்குள் அவசரப்பட்டுச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். என் கையில்தான் எலி இருக்கும், அதனால் அது எனக்குத் தெரிந்துவிடும். சில எலிகளுக்கு மறுநாள் கண் வீங்கி மூடியிருக்கும். அடுத்த தடவை அடுத்த கண்.

டாக்டரம்மா நாமக்கல் பக்கம். மாட்டு டாக்டருக்குப் படித்தவர். என்னைவிட ரொம்பச் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். வந்த கொஞ்ச நாளில், கண்ணை விட்டுவிட்டு வாலில் எடுக்கலாம் என்று மேனேஜரிடம் கேட்க ஆரம்பித்தார். வாலில் மரத்துப்போகிற களிம்பு தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் நரம்பு எழும்பும். மெல்லிய ஊசி போதும். எடுத்த பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கூண்டில் விட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், ஸ்டடி தொடங்குவதற்கு முன்பே, தினமும் ஒவ்வொரு எலியையும் சும்மா கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப விட வேண்டும். கைக்குப் பயப்படாமல் இருக்கப் பழக்குவது. அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல வேலை அது ஒன்றுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கணக்கு நேரத்தில்தான். வாலில் எடுத்தால் ஒரு எலிக்கு ஆகிற நேரத்தில் கண்ணில் ஒரு கூண்டையே முடித்துவிடலாம் என்பார். டாக்டரம்மா விடாமல் கேட்டதில் ஒருநாள் ஒத்துக்கொண்டார். எலி அறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"சரிம்மா, இந்த ஒரு ஸ்டடிக்கு வால்ல எடுங்க. ரிசல்ட் ஒழுங்கா வந்தா இனிமே எல்லாத்துக்கும் அதுதான். ஏதாவது குழப்பம் வந்துச்சு, பழையபடி கண்ணுதான். அப்புறம் எங்கிட்ட இதைப் பத்திப் பேசக்கூடாது."

டாக்டரம்மா சரி என்றார். அந்த ஒரு ஸ்டடியின் தலையில்தான் எல்லாம் இருந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தானியக் கிடங்குகளில் வண்டு வராமல் இருக்கத் தூவுகிற ஒரு பவுடர் அது. கூண்டுகள் அடுக்கிய முதல் ரேக்கின் எலிகளுக்குப் பவுடரே கிடையாது, வெறும் தீனி. அடுத்த ரேக்குக்குக் கொஞ்சம், அதற்கடுத்ததுக்கு அதிகம், கடைசி ரேக்குக்கு எல்லாவற்றையும்விட அதிகம். எங்கள் வேலையில் முதலில் சொல்லித்தருகிற வழக்கம் உங்களுக்கும் தெரியும். எப்போதும் சுத்தமான ரேக்கிலிருந்து ஆரம்பித்துக் கடைசி ரேக்கில் முடிக்க வேண்டும். தீனி போடுவதும் அப்படித்தான், கூண்டு மாற்றுவதும் அப்படித்தான். கடைசி ரேக்கின் பவுடர் கையிலோ அங்கியிலோ ஒட்டிக்கொண்டு முதல் ரேக்குக்குப் போய்விடக்கூடாது. நல்ல வழக்கம்தான். யாரும் அதில் குறை சொல்ல முடியாது. ரத்தம் எடுக்கும்போதும் அதே வரிசையில் எடுத்தோம். வேறு வரிசை ஒன்று இருக்கிறது என்றே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரத்தம் எடுக்கிற நாளில் காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். நான் பிடிப்பேன், டாக்டரம்மா எடுப்பார். பேச்சே இருக்காது. முதல் ரேக் எலிகள் கையில் பஞ்சு மாதிரி கிடக்கும். போகப் போக மாறும். கடைசி ரேக்குக்கு வரும்போது எலி கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்தால் உடம்பு விறைத்திருக்கும். சிலதுக்குக் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஈரம் கசிந்திருக்கும். பார்த்தால் ரத்தம் மாதிரி இருக்கும், ஆனால் ரத்தம் இல்லை. எலி ரொம்பப் பயந்தாலோ உடம்பு முடியாமல் போனாலோ அப்படிக் கசியும்.

பவுடர் வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டோம். டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைத்தார். அதற்காகத்தானே பவுடர் கொடுப்பது. கூண்டு கழுவுகிற காதர் பாய் அதற்கு ரவுடி ரேக் என்று பேர் வைத்துவிட்டார். அவருக்கு வண்ணாரப்பேட்டை. எல்லாவற்றுக்கும் பேர் வைப்பார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்தால், அத்தர் வாசனைக்கு எலிகள் மிரளும் என்று திரும்பவும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்க வூட்டுக்காரிகூட இவ்ளோ மோப்பம் பிடிச்சதில்ல மாமு என்று சொல்லிக்கொண்டே குளிப்பார். ரத்தம் எடுக்கிற நாளில் என்னைப் பார்த்து, "இன்னா மாமு, ரவுடிங்களாண்ட போறதுக்கு முன்ன ஒரு டீய குட்ச்சினு போ" என்பார்.

முதல் ரத்தத்தின் ரிசல்ட் வந்தது. கடைசி ரேக் எலிகளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பயத்தில் ஏறுகிற வேறு சிலதும் ஏறியிருந்ததாக டாக்டரம்மா சொன்னார், பேர் எனக்கு வாயில் நுழையவில்லை. படி ஏறுவது மாதிரி ரேக்குக்கு ரேக் கூடிக்கொண்டே போயிருந்தது. மேனேஜருக்குத் திருப்தி. இவ்வளவு தெளிவாக ரிசல்ட் வந்தால் பவுடர் கொடுத்த கம்பெனிக்கும் பதில் சொல்வது சுலபம். வாலில் எடுப்பது பரவாயில்லையே என்று அவர் வாயாலேயே சொன்னார். அன்றைக்கு டாக்டரம்மா எங்களுக்கு வெளியிலிருந்து போண்டா வாங்கிக்கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் நினைப்பு.

அடுத்த ரத்தத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மணலியில் மழை என்றால் உங்களுக்குத் தெரியும், தண்ணீர் போக வழி இருக்காது. ஏசி குழாய் ஓரமாகத் தண்ணீர் ஒழுகி முதல் ரேக்கின் மேல் சொட்டியது. ரேக்கைத் தள்ளிக்கொண்டு போய் அறையின் கடைசியில் நிறுத்தி, அந்த எலிகளைக் காய்ந்த கூண்டுகளுக்கு மாற்றினோம். இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ரத்தம் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. அதனால் டாக்டரம்மா இரண்டாவது ரேக்கில் ஆரம்பித்தார். கடைசி ரேக் வரைக்கும் முடித்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய்க் குளித்து, அங்கி, கையுறை எல்லாம் மாற்றிக்கொண்டு வந்து, பவுடரே சாப்பிடாத முதல் ரேக்கைக் கடைசியாகச் செய்தோம்.

அந்த எலிகள் என் கையில் விறைத்தன. ரேக்கைத் தள்ளியதில் மிரண்டிருக்கும் என்று நினைத்தேன்.

ரிசல்ட்டில் பவுடர் சாப்பிடாத எலிகளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ரவுடி ரேக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ரத்தம் பார்க்கிற பகுதியில் இருந்தவர்கள் யோசிக்கவே இல்லை. ரத்தம் பிடித்த ட்யூப் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். நடக்கக்கூடியதுதான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாறியிருக்குமா என்று கேட்டார். மாறவில்லை என்றேன். ஒவ்வொரு எலியையும் விடுவதற்கு முன்னால் அதன் ட்யூபில் ஒட்டியிருக்கிற நம்பரை அவர் படிப்பார், நான் எலியின் காதில் இருக்கிற நம்பரைப் பார்த்துச் சரி சொல்வேன். மாற வழியில்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார். மாறியிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேனா என்று அவர் எதிர்பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

அடுத்த ரத்தத்தின்போது என்னைப் பிடிக்க விடவில்லை. வேறொருவரை வைத்துக்கொண்டு, என்னைக் கடைசி ரேக்குக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். கை வைக்காதீங்க அண்ணா, பார்த்துக்கிட்டே இருங்க, அது போதும் என்றார்.

பார்த்தேன். ஆரம்பத்தில் அவை சும்மா இருந்தன. ஒன்று தின்றுகொண்டிருந்தது. இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கின. ஒன்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. அறையின் அந்தக் கோடியில் முதல் ரேக்கின் முதல் எலிக்கு ஊசி போட்டார்கள். எங்கள் காதுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தின்றுகொண்டிருந்த எலி நிறுத்தியது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மூலைக்குப் போயின. ஒன்றின் அடியில் ஒன்று நுழையப் பார்த்தது. மேசையின்மேல் பஞ்சு சேரச் சேர, ரத்த வாடை எங்கள் மூக்குக்கு வராவிட்டாலும் அவற்றுக்கு வந்திருக்கும். இரண்டாவது ரேக் முடிந்தபோது அவை அசையாமல் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது ரேக் நடந்தபோது ஒரு எலியின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு கசிந்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் பக்கத்தில்கூடப் போகவில்லை.

டாக்டரம்மா முடித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

நமக்குக் கேட்காத சத்தத்தில் எலி கத்தும் என்று பிறகு சொன்னார். ஊசி வலிக்காவிட்டாலும், பிடித்து வைத்த பயத்தில் ஒன்றிரண்டு கத்தியிருக்கும். அது போதும். கண்ணில் எடுத்தபோது மளமளவென்று முடிந்துவிடும், எல்லா ரேக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே பயம்தான். நாம் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, நோகாமல் செய்தோம். அவ்வளவு நேரமும் பின்னால் இருப்பவை காத்திருந்தன. ஏறினது பவுடரால் இல்லை அண்ணா, காத்திருந்ததால என்றார்.

அன்று சாயங்காலம் கூண்டு கழுவுகிற இடத்துக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். காதர் பாய் கூண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. டாக்டரம்மா முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. மழை நாளில் ட்யூப் மாறிவிட்டது, மற்றபடி எல்லாம் சரி என்று எழுதிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ரத்தம் பார்க்கிறவர்களே அதைத்தான் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் வால் நிலைக்கும். இனி வருகிற ஒவ்வொரு ஸ்டடியிலும், ஒவ்வொரு எலிக்கும் கண் தப்பும். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஸ்டடி செல்லாது, புது எலிகளை வரவழைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். குழப்பம் வந்தால் கண்தான் என்று மேனேஜர் வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்.

நான் யாரிடமும் இது செய், அது செய் என்று சொன்னவன் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"மேடம், ட்யூப்ப நான்தான் மாத்தி வெச்சிட்டேன்னு எழுதிடுங்க. கையெழுத்து எங்க போடணுமோ போடறேன். இன்னா செய்வாங்க, திட்டுவாங்க. எம்மேல போட்டுட்டு இத்த முடிச்சிடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பவுடர்ல ஒண்ணும் இல்லைன்னு நமக்குத் தெரியுதே அண்ணா. இருக்குன்னு எழுதிக் கொடுத்தா, இத்தனை எலிங்க எதுக்குச் சாகுதுங்க?"

"உண்மைய சொன்னீங்கன்னா இன்னும் இத்தினி சாவும். கண்ணு வழியா."

"தெரியும்."

"அப்புறம் எப்பவுமே கண்ணுதான் மேடம்."

"தெரியுதுங்கண்ணா."

காதர் பாய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்க்காமலே என்னிடம் கேட்டார். "இன்னா மாமு, இவங்க மன்சு சுத்தமா இர்க்கணும்னா எலிங்கோ கண்ண குடுக்கணுமா?" சத்தம் குறைவாகத்தான் கேட்டார், ஆனால் டாக்டரம்மாவுக்குக் கேட்காமல் இருக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. பொய்யான நம்பரை ஒரு தடவை உள்ளே விட்டால் அதன்மேல்தான் அடுத்தது நிற்கும், அப்புறம் எந்த எலியின் சாவும் எதற்கும் உதவாது, அந்த வேலைக்குத் தன்னால் ஊசி பிடிக்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. காதர் பாய் கேட்டதும் புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னார். அறைக்குள் என்னையும் கூப்பிட்டிருந்தார், பார்த்ததைச் சொல்வதற்கு. மேனேஜர் முழுசாகக் கேட்டார். கத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். டாக்டரம்மா வெறும் தப்பை மட்டும் சொல்லவில்லை, அதைச் சரி செய்கிற வழியையும் சொன்னார். ரத்தம் எடுப்பதற்குத் தனியாக ஓர் அறை வேண்டும். ஒவ்வொரு கூண்டாக அங்கே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் செய்தால், மற்ற எலிகளுக்கு வாடையும் சத்தமும் வராது. ரேக்குகளையும் கலந்து எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அங்கி மாற்றிக்கொண்டால் போதும். பக்கத்தில் பழைய மேசை நாற்காலிகள் அடைத்து வைத்திருந்த அறை போதும் என்றார்.

அங்கி மாற்ற ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அறைக்குப் புதுசாக அனுமதி வாங்க வேண்டும், பவுடர் கம்பெனிக்காரன் அதுவரை காத்திருக்க மாட்டான் என்றார் மேனேஜர். சொன்னதெல்லாம் உண்மைதான். கடைசியில் ஒரே வாக்கியம் சொன்னார்.

"நீங்க கொண்டுவந்த மெதட்லதான் குழப்பம் வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்களேம்மா."

டாக்டரம்மா எழுந்தார். நானும் எழுந்தேன்.

அந்த ஸ்டடியின் எலிகளை அந்த வாரமே முடித்தார்கள். அவற்றை எடுத்துக் கொடுத்தது நான். நான் பழக்கிய எலிகள். ரத்தம் எடுக்கிற மேசை காலியாக இருந்ததால் அன்றைக்கு ரவுடி ரேக்கும் ரவுடியாக இல்லை. மூடியைத் திறந்ததும் முன்னால் வந்தன, கையில் தானாக ஏறின.

புது எலிகள் பெட்டிகளில் வந்து இறங்கின. மயக்கம் கொடுத்துக் கண்ணில் எடுப்பதற்கு, எலிச் சோதனைகளுக்கு அனுமதி தருகிற கமிட்டியின் பழைய அனுமதியே இருந்தது. டாக்டரம்மா அப்போதே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. தான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார், மயக்கம் ஏறும்வரை காத்திருக்க மாட்டார் என்றார். அந்த ஸ்டடி முழுக்க அவர்தான் குழாயைப் பிடித்தார். ஒவ்வொரு எலிக்கும் கால் விரலைக் கிள்ளிப் பார்த்து, அசையாததைப் பார்த்த பிறகுதான் தொடுவார். முடிந்ததும் கண்ணில் மருந்து விட்டு, அது எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். யாரும் அதற்குமேல் கவனமாகச் செய்துவிட முடியாது. அப்படியும் சில கண்கள் வீங்கின.

அந்த எலிகள் வந்த முதல் நாள் நான் வழக்கம்போலக் கையில் எடுக்கப் போனேன். டாக்டரம்மா தடுத்தார்.

"இதுங்களைப் பழக்க வேண்டாங்கண்ணா."

அதிலிருந்து தீனிக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான் கூண்டைத் திறந்தேன். அந்த எலிகளுக்கு என் கை என்றால் என்ன என்று தெரிந்தது ரத்தம் எடுத்த அன்றைக்குத்தான்.

ரிசல்ட் வந்தது. ஒரு ரேக்குக்கும் இன்னொரு ரேக்குக்கும் வித்தியாசம் இல்லை. பவுடரில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சொன்னது சொன்னபடி சரியாக இருந்தது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, கண்ணில் எடுத்தால் ரிசல்ட் எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள் என்று காட்டினார். அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த ஸ்டடியாக இருந்தாலும் கண்தான் என்று ஆனது. நீங்கள் வந்து கற்றுக்கொண்டது அதைத்தான்.

அந்த மாதக் கடைசியில் டாக்டரம்மா வேலையை விட்டார். ஊர்ப்பக்கம் கோழிப்பண்ணைகளுக்குப் போவதாகச் சொன்னார். காதர் பாய் அவரிடம் வந்து, அன்னிக்குக் கேட்டத மன்சுல வெச்சிக்காதீங்க டாக்டரம்மா என்றார். கேட்டது சரிதான் பாய், பதில்தான் எங்கிட்ட இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். என்னிடம் விடை பெறும்போது, நான் செஞ்சது தப்பா அண்ணா என்று கேட்டார். நான் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். சாத்தாங்காடு வழியாகப் போகச் சொல்லுங்க மேடம், இந்தப் பக்கம் லாரி நிக்குது என்றேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை கண்கள் என்று நான் எண்ணவில்லை. மூச்சு இழுப்பு வந்து நின்றுபோனதில் வருத்தப்படுவதாக எல்லோரிடமும் சொன்னேன். வருத்தப்படவில்லை.

பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமென்று இவ்வளவு நாள் யோசித்தேன். வேலைக்கு ஆகிற மாதிரி ஒன்றுதான் தேறுகிறது. உங்களில் யாராவது என்றைக்காவது தீர்மானிக்கிற இடத்துக்கு வந்தால், எந்த ஊசி, எந்த நரம்பு என்பதையெல்லாம் பிறகு பாருங்கள். முதலில் கதவு உள்ள ஓர் அறையைக் கேளுங்கள். மற்றவை பார்க்கிற, முகர்கிற, கேட்கிற இடத்தில் ஒன்றைத் தொடாதீர்கள். ஸ்டடி ஆரம்பிப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஆரம்பித்த பிறகு கேட்டால் அது குழப்பத்துக்குச் சொல்கிற சாக்காகத்தான் தெரியும். கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கேட்டதாகவாவது இருக்கட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள் என்றும் உங்களுக்கு எழுத நினைத்தேன். மகள் படிக்கிறாள், நீங்கள் படிக்கப்போகிறீர்கள், அப்படி முடித்தால் நன்றாக இருக்கும். என்னால் எழுத முடியவில்லை. டாக்டரம்மாவைவிட நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. அவர் செய்ததில் ஒரு இடத்திலும் தப்பு சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு என்னை அதே தகரக் கூரைக்குக் கீழே உட்காரவைத்துக் கேட்டாலும், ட்யூபை மாற்றியது நான்தான் என்றே எழுதச் சொல்வேன்.

ஏழுமலை
திருவொற்றியூர்
மார்கழி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை